கௌரிக் காப்பும் வார்ட்டும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் தாதியர் பயிற்சியில் முதலாம் வருடம். தொங்கட்டான் கூடாது, கியூட்டெக்ஸ் கூடாது என்றார்கள், சரி என்று விட்டோம். போன கிழமை, கேதார கௌரி விரதத்துக்குக் கையில் கட்டிய நூலான கௌரிக் காப்பையும் வெட்டச் சொல்லிவிட்டார்கள். வெட்டிவிட்டு வந்து அழுதாள். பங்கருக்குள் இருந்த வருடத்திலும் அந்த விரதத்தை விடாதவள் நான். ஒரு நூல் நோயாளியை என்ன செய்துவிடும்?

ஒரு தாய், கிளிநொச்சி

அன்புள்ள சகோதரி,

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் புண் வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் கன நாள் மருந்து கட்டினோம். கட்டிய பிள்ளை நல்ல பிள்ளை, மென்மையான கை. ஆனால் குனியும்போதெல்லாம் மணிக்கட்டுக் காப்பின் நுனி புண்ணுக்கு மேலே ஆடும். ஒருநாள் பட்டும்விட்டது. அதே காப்போடு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ‘பிள்ளை, அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரதக் காப்பைக் குறை சொல்வதா என்ற கூச்சம். அம்மாவின் புண் ஆறியது உண்மைதான். அதை வைத்து நூலுக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை.

21 இழை, அதில் முடிச்சுகள். ஐப்பசி அமாவாசையில் கட்டினால் அடுத்த விரதம் வரை கையில்தான். கிணற்றடி, அடுப்படி எல்லாம் பார்த்து, சித்திரையில் அது என்ன நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. கழுவித் துடைத்தால் கை காய்ந்துவிடும், நூல் காயாது. அந்த ஈரத்தோடுதான் அடுத்த நோயாளியிடம் போக வேண்டும். நகமும் இதே கதைதான்: நுனி அரைச் சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், ஒட்டு நகம் கூடவே கூடாது என்று அதே நிறுவனம் 2009இல் எழுதி வைத்தது.

இங்கிலாந்தில் 2007இல் முழங்கைக்குக் கீழே நீளக்கைச் சட்டை, மணிக்கூடு, காப்பு எதுவும் வேண்டாம் என்றார்கள். காப்பால் இத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று எண்ணிப் பார்த்துப் போட்ட விதியல்ல அது. கையை ஒழுங்காகக் கழுவ இடைஞ்சல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சீக்கியர்களின் இரும்புக் காப்பை என்ன செய்வது? அதை மேலே தள்ளி இறுக்கி வைக்கலாம் என்று 2010 வழிகாட்டியில் இடம் விட்டார்கள். கையை மூட விரும்பும் முஸ்லிம் பெண்களுக்கு, ஒருமுறை பாவித்து எறியும் உறை.

உங்கள் மகளின் ஆசிரியையும் ‘கழற்றி மேலே கட்டு பிள்ளை’ என்று சொல்லியிருக்கலாம். விதி சரி, ‘வெட்டு’ என்ற சொல் பிழை. ஏன் என்று சொல்லாமல் போடும் கட்டளையில் பிள்ளை என்னத்தைப் படிக்கும்?

எல்லா விதிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. கொண்டை ஊசி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். எந்தக் கிருமி கறுப்பு ஊசி, மண்ணிற ஊசி என்று பிரித்துப் பார்க்கிறது? தலைமயிர் முகத்திலும் புண்ணிலும் விழாமல் கட்டியிருந்தால் போதாதா? அதே வேளை, வார்ட்டில் நின்ற வெள்ளை உடுப்போடு பஸ் ஏறி, முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கி, மடியில் கொட்டிக் கொறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மகளுக்கு ஒரு பை தைத்துக் கொடுங்கள். உடுப்பை அங்கேயே மாற்றிப் பையில் போட்டுக்கொண்டு வரட்டும். வந்ததும் வேறாகத் தோய்க்கலாம். நம்மூர்க் கல்சியத் தண்ணீரில் அது வெள்ளையாகவே இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வரும் ஐப்பசியில் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இடது கைதான், ஆனால் முழங்கைக்கு மேலே.