ஆபீஸுக்குப் போகும் காரோடு டிராக் ஸ்ட்ரிப்புக்கு: கேள்வி பதில்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நம்மாட்கள் சிலர் இந்த சீசனில் முதல்முறையாக டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் பாய்ந்து நேரம் பார்க்கும் ஓடுபாதையில், கார் ஓட்டப் போகிறார்கள். பெரும்பாலும் காம்ரி, சிவிக், டெஸ்லா, ஒன்றிரண்டு பேரிடம் மஸ்டாங். அவர்கள் அனுப்பிய கேள்விகளோடு வேறு ஊர்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பல சீசனாக டெஸ்ட் அண்ட் டியூன் நாட்களில், அதாவது போட்டி இல்லாமல் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாட்களில், ஓட்டி வருகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் இதுதான் திரும்ப வரும்: முதல் நாளுக்கு என்று காரில் எதையும் புதிதாக வாங்கி மாட்டாதீர்கள். இருப்பது ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்ட நேரத்தைக் குறைக்கும் வழியைக் கிளம்பும் முதல் 60 அடியில் தேடுங்கள்.

எடிசனிலிருந்து: இங்கிலீஷ்டவுனைத்தான் மூடிவிட்டார்களே, இப்போது எங்கே போவது? என்னை மாதிரி சாதாரண ஆளை உள்ளே விடுவார்களா?

இங்கிலீஷ்டவுன் ரேஸ்வே பார்க்கில் 2018 ஜனவரியோடு டிராக் ரேஸ் நின்றுபோனது, எடிசன்காரர்களுக்கு அது பெரிய இழப்புதான். தெற்கே இருந்த ஆட்கோவும் 2023இல் மூடிவிட்டது. இப்போது நமக்குப் பக்கத்தில் இருப்பவை கிரேட் மெடோஸில் உள்ள ஐலண்ட் டிராக்வே, அப்புறம் பென்சில்வேனியாவில் ரெடிங் அருகே மேப்பிள் குரோவ். இரண்டுமே கால் மைல், அதாவது 1320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். டெஸ்ட் அண்ட் டியூன் என்று போட்டிருக்கும் நாளில் போங்கள். லைசென்ஸைக் காட்டி, பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டினால் நீங்களும் ஓட்டலாம். பக்கத்து லேனில் யாராவது இருப்பார்கள், ஆனால் ஜெயிப்பது தோற்பது என்று ஒன்றும் கிடையாது. மழை தூறினாலே ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைவேயில் ராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்ப்பவர்களையும் எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். டிராக் ஸ்ட்ரிப்பில் இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, எதிரே குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

பிஸ்காட்டவே: டெக் இன்ஸ்பெக்‌ஷனில் என்ன பார்ப்பார்கள்? திருப்பி அனுப்பிவிட்டால் அசிங்கமாகப் போய்விடுமே.

ஓட விடுமுன் காரைச் சோதிப்பதுதான் அது, பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆயில், கூலன்ட் எதுவும் ஒழுகக் கூடாது. பேட்டரி அசையாமல் பிடித்திருக்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். சீட் பெல்ட், டயர், வீல் நட்டுகள் எல்லாம் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் வீல் கவர் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நட்டுகளை முந்தின நாள் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து, கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். காலால் மிதித்து இறுக்கும் வேலை கூடாது.

ஹெல்மெட் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதிப்படி கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்கும் வேகமாகவோ ஓடும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். வி6 காம்ரி 14 சொச்சத்தில் ஓடும், அதற்குத் தேவைப்படாது. மஸ்டாங் ஜிடிக்கு நிச்சயம் வேண்டும். வாங்கும்போது உள்ளே ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தரச் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா, எந்த ஆண்டு முத்திரை என்று பாருங்கள், ரொம்பப் பழையதை ஏற்கமாட்டார்கள். சில இடங்களில் விதி இதைவிடக் கறாராக இருக்கும், அந்தந்த டிராக்கில் கேட்டுவிடுவது நல்லது. உடை விஷயத்தில் முழு பேன்ட், கை வைத்த சட்டை, ஷூ. அரை டிராயர், செருப்போடு வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்சிப்பனி: காரில் எடையைக் குறைக்க பின் சீட்டைக் கழற்றலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. 100 பவுண்டு குறைத்தால் கால் மைலில் சுமார் 0.1 வினாடி குறையும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் டிக்கியில் கிடக்கும் கிரிக்கெட் கிட், ஸ்ட்ரோலர், அரிசி மூட்டை இதெல்லாம் இறங்கினாலே அதில் பாதி வந்துவிடும். ஸ்டெப்னி, ஜாக்கியை டிராக்கில் போய் இறக்கி வைத்துக்கொள்ளலாம், வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? டேங்கில் கால்வாசி பெட்ரோல் போதும். அதற்கும் கீழே போனால் கார் பாயும்போது பெட்ரோல் எல்லாம் பின்பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் இன்ஜின் இருமும். முக்கியமாக, காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் போய் நிற்கும் ஒரு தண்ணீர் பாட்டில் போதும், 95 மைல் வேகத்தில். டிரைவர் காலடி விரிப்பையும் எடுத்துவிடுங்கள்.

அதே நண்பர்: ஆக்டேன் பூஸ்டர்? ஏர் ஃபில்டரைக் கழற்றுவது?

87 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொன்ன காருக்கு 93 போட்டால் காசுதான் கரையும். பிரீமியம் கேட்கும் டர்போ காருக்கு பிரீமியமே போடுங்கள். ஃபில்டரைத் தொடாதீர்கள்.

ஜெர்சி சிட்டி: டயரில் காற்று எவ்வளவு? இணையத்தில் 18 பிஎஸ்ஐ என்கிறார்கள்.

அது டிராக் ரேடியல் என்ற ரேஸுக்கான மென்மையான டயர் போட்டவர்களுக்கு. சாதாரண ஆல்-சீசன் டயரில் 18க்கு இறக்கினால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி ஓரங்கள் மட்டும்தான் தரையைத் தொடும், பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும், மேல் வேகத்தில் காரும் ஆடும். கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் 33 போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதில் மட்டும் 28க்கு இறக்கி ஆரம்பியுங்கள். சிவிக், காம்ரிக்கு முன்னால், மஸ்டாங்குக்குப் பின்னால். மற்ற இரண்டையும் குறைக்க வேண்டாம். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது. வீட்டுக்குக் கிளம்புமுன் பழையபடி காற்று நிரப்ப மறக்காதீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகிப்போன டயர் ஸ்டார்ட்டில் வழுக்கத்தான் செய்யும்.

எடிசன், முதல்முறை போகிறவர்: தண்ணீர் தேங்கியிருக்கும் இடத்தில் டயரைச் சுழற்றிப் புகைய விட வேண்டுமா?

இதைக் கேட்டதற்கு நன்றி, புதிதாக வருகிறவர்கள் திட்டு வாங்கும் இடமே இதுதான். அந்தத் தண்ணீர் வழவழப்பான ரேஸ் டயர்களுக்கு வைத்தது. நம் டயரில் இருக்கும் பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொள்ளும், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள்ளும் தெறிக்கும். அங்கிருந்து ஸ்டார்ட் கோடு வரை சொட்டிக்கொண்டே போவீர்கள். அந்தத் தரையில் ஒருமுறை நடந்து பாருங்கள்: பல வருட ரப்பரும் மேலே தெளித்த பசையும் சேர்ந்து, காலை எடுக்கும்போது ஷூ கழன்று வருகிற மாதிரி இழுக்கும். அத்தனை பேரும் நம்பியிருக்கும் அந்தப் பிடிப்பில் தண்ணீர் சொட்டினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் சுவரில் போய் அடிப்பார். எனவே தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள். தாண்டியதும் காய்ந்த தரையில் சக்கரத்தை ஒரே ஒரு முறை சட்டென்று சுழற்றினால் ஒட்டியிருக்கும் கல், மண் உதிர்ந்துவிடும். புகை வேண்டாம்.

இதே காரணத்துக்காகத்தான் ஏசியும் கூடாது. வரிசையில் நிற்கும்போதே அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அடியில் சொட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃப்ராஸ்ட் போட்டாலும் பல கார்களில் ஏசி தானாக ஓடும், அதையும் பாருங்கள். ஜூலை வெயிலில் கஷ்டம்தான், ஜன்னலை இறக்கிக்கொண்டு நில்லுங்கள், ஓட்டத்துக்கு முன் ஏற்றிவிடலாம்.

பிரின்ஸ்டன்: அந்த விளக்குக் கம்பம் எப்படி வேலை செய்கிறது?

மேலே சின்ன விளக்குகள் இரண்டு வரிசை. ஸ்டார்ட் கோட்டருகே தரையை ஒட்டிக் குறுக்கே போகும் ஒளிக்கற்றைகளில் முதலாவதை முன் டயர் மறைத்தால் பிரீ-ஸ்டேஜ் எரியும். இன்னும் 7 அங்குலம் ஊர்ந்தால் ஸ்டேஜ். ஸ்டேஜ் எரிந்த நொடியில் நின்றுவிடுங்கள், அதற்கு மேல் ஒரு அங்குலமும் வேண்டாம். அப்படி நின்றால் டயர் அந்தக் கற்றையை விட்டு வெளியே வரும் வரை, ஏறக்குறைய ஒரு அடி தூரம், கடிகாரம் ஓடத் தொடங்காது. அதற்குள் கார் கொஞ்சம் வேகம் பிடித்துவிடும்.

பிறகு மஞ்சள் மூன்று, அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக, அப்புறம் பச்சை. பச்சையைப் பார்த்துக் காலை அழுத்தினால் தாமதம். மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கிளம்ப வேண்டும். உங்கள் மூளையும் காரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் அந்த அரை வினாடியில் பச்சை வந்துவிடும். டெஸ்ட் நாளில் சீக்கிரமே கிளம்பிச் சிவப்பு விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, உங்கள் ஓட்ட நேரம் கார் நகர்ந்ததிலிருந்துதான் கணக்கு.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்: போன மாதம் ஓட்டினேன். 60 அடி 2.45 வினாடி, எட்டில் ஒரு மைல் 9.90, கால் மைல் 15.3, வேகம் 94. முன்சக்கர இழுவை, ஆட்டோமேட்டிக். எக்ஸாஸ்ட் மாற்றலாமா?

ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டை முழுசாகக் கொடுத்ததால் சொல்ல முடிகிறது. மாற்றாதீர்கள். 94 மைல் வேகத்தோடு முடிக்கும் கார் 15க்குப் பக்கத்தில் ஓட வேண்டியது. அதாவது இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது, நேரம் போனது ஸ்டார்ட்டில். 2.45 என்றால் சக்கரம் வழுக்கியிருக்கும், அல்லது பயந்து மெதுவாக அழுத்தியிருப்பீர்கள். முதல் 60 அடியில் 0.1 வினாடி மிச்சப்படுத்தினால் கடைசியில் அதைப்போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்குகூடத் திரும்பக் கிடைக்கும். 2.25க்குக் கொண்டுவாருங்கள், அதே கார் அதே எக்ஸாஸ்ட்டோடு 15.0 ஓடும்.

எப்படி? இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலரேட்டரால் இன்ஜினை 1500 ஆர்பிஎம் வரை கொண்டுபோய், பிரேக்கை விட்டு, ஒரே மிதியில் தரையோடு அழுத்தாமல் ஒரு வினாடிக்குள் வளர்த்துக்கொண்டு போங்கள். வழுக்கினால் அடுத்த ஓட்டத்தில் 1200. வழுக்காமல் மந்தமாக இருந்தால் 1800. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டருமாகச் சேர்த்து மிதித்தபடி நீண்ட நேரம் நிற்காதீர்கள், கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறிவிடும். ஸ்டேஜ் எரிந்த பிறகு மட்டும் அழுத்துங்கள். கியர் படிகள் இல்லாத சிவிடி காரில் இந்த வித்தையே வேண்டாம், சும்மா மிதித்துக் கிளம்புங்கள்.

இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பானெட்டைத் திறந்து வைத்து ஆற விடுங்கள். வரிசை நகரும்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளுகிறவர்களைப் பார்ப்பீர்கள், அவர்கள் செய்வது சரிதான்.

டென்வரிலிருந்து: டெஸ்லா மாடல் 3 லாங் ரேஞ்ச். இதற்குத் தயாரிப்பு என்று ஏதாவது இருக்கிறதா?

சார்ஜும் சூடும். பேட்டரி 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது வரும் பலம் 40இல் வராது, குளிர்ந்த பேட்டரியும் முழு மின்சாரத்தைத் தராது. டிராக்குக்கு வரும் வழியிலேயே பக்கத்து சூப்பர்சார்ஜரில் ஏற்றிக்கொண்டு வந்தால் இரண்டும் தீரும். 13.99ஐவிட அது எளிதாகவே வேகமாக ஓடும், எனவே ஹெல்மெட் வேண்டும். உங்கள் ஊரில் பாண்டிமியர் 2023இல் மூடியது வருத்தம்தான். கடல்மட்டத்திலிருந்து 5800 அடி உயரத்தில் இருந்த டிராக் அது, டர்போ இல்லாத இன்ஜின்கள் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழந்து அங்கே மூச்சு வாங்கும். மின்சாரக் காருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

சோமர்செட்டிலிருந்து ஒரு அம்மா: 17 வயது மகன் போகணும் என்கிறான். விடலாமா?

விடுங்கள் அம்மா, ஆனால் நீங்களும் கூடப் போங்கள். 18க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து எப்படியும் வேண்டும். என்ஹெச்ஆர்ஏ 1992இல் தொடங்கிய ஜூனியர் போட்டிகளில் 5 வயதுப் பிள்ளைகள்கூடச் சின்ன வண்டிகளில் ஓட்டுகிறார்கள். அவனிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பிரேக்கைப் போட்டு மிதிக்கக் கூடாது, பக்கத்து லேன்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் குறுக்கே திரும்பவும் கூடாது. ஆபத்து கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அதிகம். இன்சூரன்ஸ் பத்திரத்தையும் வாசித்துவிடுங்கள், பெரும்பாலான பாலிசிகள் ரேஸ் டிராக்கில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது.

கோவையிலிருந்து: இங்கே இந்த மாதிரி வாய்ப்பு உண்டா?

இந்த ஊர் மாதிரி வாரந்தோறும் கேட்டைத் திறந்துவிடும் வழக்கம் அங்கே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தேசிய டிராக் ரேஸ் போட்டி நடந்திருக்கிறது. கார்களுக்கு, லோனாவாலா பக்கம் ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் நடந்த வேலி ரன் பெயர் வாங்கியது. இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு நடப்பதா என்று பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். மேலே சொன்ன தயாரிப்பு எல்லாம் அப்படியே பொருந்தும், பசை போட்ட தரையை மட்டும் எதிர்பார்க்காமல் இன்னும் மென்மையாகக் கிளம்புங்கள்.

கடைசியாக, பிஸ்காட்டவே நண்பர்: என் காம்ரி மஸ்டாங்கை ஜெயிக்க வழியே இல்லையா?

இருக்கிறது, பிராக்கெட் ரேஸிங். உங்கள் கார் எவ்வளவு ஓடும் என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் 15.20, அவர் 12.60 என்றால் உங்களுக்கு 2.60 வினாடி முன்பே பச்சை விழும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி, அதனால் பொய்க் கணக்கு எழுதி ஏமாற்றவும் முடியாது. சிவப்பு விழுந்தாலும் போச்சு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடுவதுதான் இதில் பலம், அதில் ஆட்டோமேட்டிக் காம்ரியை அடிக்க ஆள் குறைவு, மஸ்டாங்காரர் சக்கரம் வழுக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். முதலில் ஒரு டெஸ்ட் நாளில் போய், எதையும் மாற்றாமல் நான்கைந்து ஓட்டம் ஓடி, நேரச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அடிக்கடி வரும் எண் எதுவோ அதைத்தான் போட்டியன்று வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும்.