முன்பல் கிரவுன் வெளுப்பாகத் தெரிவது: ஷேடு எடுத்த நேரம்தான் காரணம்

உங்கள் நோயாளியின் முன்பல்லில் ஒட்டிய கிரவுன் (செதுக்கிய பல்லின் மேல் போடும் பீங்கான் உறை) ஏன் வெளுப்பாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். பல்லைச் செதுக்கி முடித்த பிறகு ஷேடு எடுத்ததாக, அதாவது கிரவுனுக்கான நிறத்தைப் பார்த்துக் குறித்ததாக எழுதியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். ஏ2 என்ற நிறத்தில் செய்யச் சொல்லி லேபுக்குக் கொடுத்த கிரவுன் ஒரே வாரத்தில் பக்கத்துப் பல்லைவிட வெளுப்பாகத் தெரிகிறது என்றால், அன்று அந்தப் பக்கத்துப் பல் காய்ந்திருக்கும். வாய் திறந்தபடி பத்து நிமிடம் இருந்தாலே எனாமல் ஈரம் இழந்து வெளுக்கும். பழைய நிறம் திரும்ப ஒரு நாள்கூட ஆகலாம்.

நோயாளி அடுத்த முறை வந்ததும், வேறு எதையும் தொடும் முன், பல் ஈரமாக இருக்கும்போதே ஜன்னலோரம் உட்கார வைத்து, பல் நிற மாதிரிகள் கொண்ட ‘விட்டா’ கைடைப் பிடித்துப் பாருங்கள். லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். கண்ணைப் பாதி மூடினால் நிறம் மங்கி, வெளுப்பா கருமையா என்பது மட்டும் தெரியும். முன்பல்லில் முதலில் கண்ணை உறுத்துவது அந்த வித்தியாசம்தான். ஐந்தாறு விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் பழகிவிடும். பக்கத்துப் பல் ஏ2-ஐவிடக் கருமையான ஏ3-க்குப் பொருந்தினால் காரணம் இதுவே.

அப்போதும் ஏ2 தான் பொருந்துகிறதா? அப்படியானால் பீங்கானின் தடிமனையும் ஒட்டிய சிமென்டின் நிறத்தையும் சந்தேகியுங்கள். கிளினிக் விளக்கில் பொருந்தி வெயிலில் மட்டும் மாறினால் அது மெட்டாமெரிசம், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறப் பொருத்தம் மாறுவது. எதுவானாலும், இந்தச் சோதனை முடியும்வரை கிரவுனைக் கழற்ற வேண்டாம்.