பால் டொபியும் நான்கு வயது மகனும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. போன நத்தாருக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து பால் டொபி செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். டொபி இறுகவே இல்லை, தாளோடு ஒட்டிக்கொண்டது. மகன் பாதியில் அழத் தொடங்கினான். மகளோ எனக்கு ஒன்றுமே செய்யத் தரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். குசினிக்குள் பிள்ளைகளை விடுவதே பிழை என்கிறார் மாமி. மகள் இந்த முறை மாஷ்மெலோ வேறு கேட்கிறாள், ஆனால் கீழ்மாடியில் இருப்பது முஸ்லிம் குடும்பம். செய்யலாமா, பேசாமல் கடையில் வாங்கிவிடலாமா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

செய்யுங்கள். ஆனால் உங்கள் மாமி சொல்வதிலும் பாதி சரி. பால் டொபி பதத்துக்கு வரும்போது அதன் சூடு 112 முதல் 116 பாகை வரை போகும், கொதிநீரை விடக் கூட. அதோடு பாகு தண்ணீரைப் போல வழிந்து ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசையும் வேண்டாம், பட்டரும் வேண்டாம், கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆகவே தாச்சி அடுப்பில் இருக்கும் நேரம் முழுக்க உங்களுடையது. அதில் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை.

பிள்ளைகளோடு செய்வது என்றாலே எல்லோரும் ஒரு தாச்சியைச் சுற்றி நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம், இணையத்தில் வருகிற படங்களும் அப்படித்தான், ஏப்ரன் கட்டிய குழந்தை அகப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்கும். பால் டொபியில் கிண்டுவதுதான் நீளமான வேலை, அதுவே அவர்களுக்குத் தர முடியாத வேலையும். மகள் கோபித்ததில் நியாயம் இருக்கிறது.

அவளுக்கு ஒரு பொறுப்பான வேலை கொடுங்கள். மேசையில் ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீரோடு அவள் உட்காரட்டும். பாகு திரண்டு தாச்சியின் ஓரத்தை விட்டு வரத் தொடங்கியதும் கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் போய் நீங்களே அந்தத் தண்ணீரில் விடுங்கள், ஆறியதும் அவள் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். கரைந்து போனால் இன்னும் கிண்ட வேண்டும், மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் இறக்கலாம். இறக்கு என்று அவள் சொன்னால்தான் இறக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் சோதிப்பது நல்லது, இல்லாவிட்டால் அவள் யோசிக்கிற நேரத்தில் அடிப்பிடித்துவிடும்.

போன முறை இறுகாததற்குக் காரணமும் இதுதான், பதம் வருமுன் இறக்கியிருக்கிறீர்கள். ஒரு டின் பாலுக்கு (இனிப்புச் சேர்த்த கட்டிப் பால்) 500 கிராம் சீனி, கால் கோப்பை தண்ணீர், கொஞ்சம் பட்டர், வனிலா, கஜு, இவ்வளவுதான். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் டின் பால் கருகும். மறுபடி இறுகாவிட்டால் எறிய வேண்டாம், கால் கோப்பை தண்ணீர் விட்டுக் கரைத்துத் திரும்பக் காய்ச்சலாம். தட்டில் ஊற்றி இளஞ்சூட்டிலேயே வெட்டிவிடுங்கள், ஆனால் நன்றாக ஆறும்வரை தாளில் சுற்றக் கூடாது. கடற்கரைக் காற்றில் சீனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் சுற்றியதும் நேராக மூடிய டின்னுக்குள் போட வேண்டும்.

சரி, இப்போது மகன். 4 வயதில் இவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்னால் அழாமல் வேறு என்ன செய்வான்? கஜுவை ஒரு துணிப்பையில் கட்டி உருளைக் கட்டையால் அடிக்கக் கொடுங்கள், நன்றாகப் பொடியட்டும், 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும். பிறகு அடுப்பே தேவையில்லாத ஒரு இனிப்பு அவனுக்கென்று இருக்கட்டும். கடையில் விற்கும் காய்ந்த தேங்காய்த் துருவலில் டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் உருண்டை பிடிக்கலாம். பச்சைத் தேங்காய்ப்பூ வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். உருண்டை கோணலாகத்தான் வரும், நீங்கள் திருத்தப் போகாதீர்கள். அப்புறம் அரைத்த கஜுவும் ஐசிங் சீனியும் பன்னீரும் சேர்த்துக் குழைத்தால் மீன், யானை என்று எதையும் பிடிக்கலாம். நம் ஊரில் நத்தார் கேக்குக்கு மேல் போடுகிற அந்த மாவேதான், பாதாமின் இடத்தில் கஜுவைப் போட்டு எத்தனை வீடுகளில் செய்கிறார்கள்! சிலர் அதில் சேர்க்கிற பச்சை முட்டை வெள்ளைக்கரு மட்டும் பிள்ளைகளின் கைக்கு வேண்டாம்.

உருட்டுவதும் பிசைவதும் முந்தின நாள் பின்னேரம், டொபி மறுநாள் காலை. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் நீங்களும் அழுவீர்கள்.

மாஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்கும், அது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. ஹலால் ஜெலட்டின் தேடி வாங்கலாம், ஆனால் அதன் இடத்தில் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சிக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அது கீழ்மாடிக்காரருக்கு நோன்பு காலத்தில் பழகிய இனிப்பு, மாட்டிறைச்சி தொடாத சைவ வீடுகளுக்கும் ஆகும். இன்னொன்று, ஜெலட்டின் கொழும்பு வெக்கையில் தளர்ந்துவிடும். கடற்பாசி 40 பாகைக்குக் கீழ் வந்தாலே, பிரிட்ஜ் இல்லாமலே இறுகிவிடும், திரும்பக் கரைய ஏறக்குறைய கொதிக்கிற சூடு வேண்டும். காய்ச்சுவது நீங்கள், நிறம் தெரிவு செய்வது மகள்.

கொடுக்கும் ஒவ்வொரு பொதியிலும் கஜு இருக்கிறது, பால் இருக்கிறது என்று மகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த மாடியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதே.