சார்ட்டை நிலாவெளிக்குக் கொண்டுபோனாலும் திருக்கடலூர்க் கணக்கே வருகிறதே?

கேள்வி: திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். திருக்கடலூர், வீரநகர், நிலாவெளி என ஊருக்கொரு எக்செல் ஷீட். மாதாமாதம் சூரை, பாரை, கீரி மீன்கள் எத்தனை கிலோ என்று பதிகிறேன். திருக்கடலூர் சார்ட்டைக் கொப்பி பண்ணி நிலாவெளி ஷீட்டில் ஒட்டினால் பழைய கணக்கையே காட்டுகிறது. புது மாதம் சேர்த்தாலும் அசையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சார்ட்டில் சூரைத் தூண் ஒன்றைக் கிளிக் பண்ணிவிட்டு, மேலே சூத்திரம் தெரியும் இடத்தைப் பாருங்கள். சீரிஸ் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதற்குள் திருக்கடலூர் என்ற ஷீட் பெயர் மூன்று தடவை வரும்: மீனின் பெயருக்கு, மாதங்களுக்கு, கிலோவுக்கு. சார்ட்டை எங்கே ஒட்டினாலும் இந்த விலாசம் மாறாது. வேறு பைலில் ஒட்டினாலும் பழைய பைலைத்தான் தேடிப்போகும்.

ஆகவே சார்ட்டை விடுங்கள், ஷீட்டையே கொப்பி பண்ணுங்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீழே உள்ள ஷீட் பெயரைப் பக்கத்துக்கு இழுத்தால் போதும். புது ஷீட்டில் இருக்கும் சார்ட் அந்த ஷீட்டின் எண்களையே பார்க்கும். பெயரை மாற்றி, பழைய எண்களுக்குப் பதிலாக நிலாவெளிக் கணக்கை எழுதிவிடலாம். ஏற்கனவே ஒட்டிய சார்ட் என்றால் ரைட் கிளிக் பண்ணி, 'செலெக்ட் டேட்டா'வில் நிலாவெளி அட்டவணை முழுவதையும் தெரிவு செய்யுங்கள். 'ஃபைண்ட் அன்ட் ரீப்ளேஸ்' சார்ட்டுக்குள் நுழையாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாதம் சேராத சிக்கலுக்கு, கணக்குக்குள் ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோலும் டியும் (Ctrl+T) அழுத்தி அதை டேபிளாக்குங்கள். கொப்பி எடுக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. பிறகு ஜூனுக்குக் கீழே இடைவெளி விடாமல் ஜூலை என்று எழுதினால் டேபிள் நீளும், சார்ட்டும் கூடவே நீளும். ஆனால் அடியில் 'மொத்தம்' என்று கையால் எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது டேபிளுக்குள் சிக்கினால் மொத்தமும் ஒரு மாதம்போல வானுயரத் தூணாக நிற்கும்! அந்த வரியை முதலில் அழித்துவிட்டு, டேபிள் டிசைனில் உள்ள 'டோட்டல் ரோ'வை இடுங்கள். அப்புறம் புது மாதத்துக்கு, கடைசி மாதத்தின் கடைசிக் கட்டத்தில் டாப் (Tab) விசையைத் தட்டுங்கள்.

சார்ட்டைத் தானாக நீளவைப்பதை ஓஃப்செட் (OFFSET) என்ற சூத்திரத்தாலும் செய்யலாம். எக்செல் 2007க்கு முன்னால் பலரும் அப்படித்தான் செய்தோம். இப்போது உங்களுக்கு அந்தத் தலையிடி தேவையில்லை.

இன்னொன்று, இடப்பக்க அளவுகோல். எக்செல் அதை ஒவ்வொரு சார்ட்டுக்கும் தானாகவே தீர்மானிக்கும். ஒரு ஊருக்குள் பார்க்க அது சரி. கூட்டத்தில் மூன்று ஊரையும் பக்கம் பக்கமாகக் காட்டும்போது மட்டும் 500 கிலோவும் 5,000 கிலோவும் ஒரே உயரத்தில் நிற்கக்கூடும். அன்றைக்கு மூன்றிலும் அளவுகோலை இரட்டைக் கிளிக் பண்ணி, 'மேக்சிமம்' என்ற உச்ச அளவுக் கட்டத்தில் ஒரே எண்ணைக் கையால் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலுள்ள 'ரீசெட்'டை அழுத்த மறக்காதீர்கள்.