மறு: முடிக்கரியில் செய்த மைக்கட்டி வெடிக்கிறது

சலூன் முடியைக் கருக்கி, வஜ்ஜிரம் என்கிற பசை சேர்த்து, ஓர் அங்குலக் கனத்தில் செய்த சீன மைக்கட்டி வெயிலில் வெடித்துவிட்டது, மை எடுக்கத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்தால் நறநறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். யோசனையில் தப்பில்லை. சீன ஓவியர் கு வென்தா மனித முடியைக் கரியாக்கி, ஷாங்காயின் சாவோ சுகோங் மைத் தொழிற்சாலையில் மைக்கட்டியே செய்திருக்கிறார்.

சீன மை புகைக்கரி. உங்களுடையது கருகிய கரி. கண்மைக்கு விளக்கின் மேல் தட்டைப் பிடிப்போமே, அந்த மென்மை அரைத்து வராது. பொடியைத் தண்ணீரில் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கறுப்புத் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிடுங்கள். அதில் படிவதுதான் மைக்கு. முதல் பாத்திரத்தின் அடியில் தங்கும் மண்டி திரும்ப அம்மிக்கு.

வெடிப்புக்கு வருவோம். புகைக்கரிக்குச் சொன்ன பசை இந்தக் கரிக்கு அதிகம், பாதியில் ஆரம்பியுங்கள். அதைவிடப் பெரிய தப்பு வெயில். 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய வேளாண் நூலே மைக்கு ஒரு குறிப்பு தருகிறது: இரும்பு உரலில் 30,000 இடி, வெப்ப காலத்தில் அழுகி நாறும், குளிரில் காயாது, கட்டி சிறிதாகவே இருக்கட்டும். உங்கள் ஓர் அங்குலக் கனம் எப்படித் தாங்கும்? சுண்டுவிரல் கனத்தில் செய்து, சலித்த சாம்பலில் புதைத்து, நிழலில் வைத்துத் தினமும் சாம்பலை மாற்றுங்கள்.

அப்புறம், முடியை மொட்டைமாடியிலேயே கருக்குங்கள். அந்த நாற்றம் திரைச்சீலையில் ஏறினால் லேசில் போகாது.