கேள்வி–பதில்: நர்சிங் மாணவிகளின் ஊக்கத்தை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாமாண்டில் 60 பேர். சிலர் வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் மலையாளம். 28 காரணங்கள் கொண்ட ஊக்க அளவுகோலைக் கொடுத்து மதிப்பெண்களைக் கூட்டினோம். ஆர்வமாகப் படிப்பவளுக்கும் பாதியில் நின்றுவிடுவாளோ என்று நாங்கள் பயப்படும் மாணவிக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான் வருகிறது. எங்கே தவறு?
– ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை (கேரள-தமிழக எல்லை)

பதில்: கூட்டியதில்தான். நீங்கள் சொல்வது உளவியலாளர் வாலராண்டும் குழுவினரும் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அளவுகோல் போலத் தெரிகிறது. "கல்லூரிக்கு ஏன் வருகிறீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு 28 காரணங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நான்கு நான்காக ஏழு பிரிவு: உள்ளார்ந்த ஆர்வம் மூன்று பிரிவு, பயன் உணர்ந்து படிப்பது, குற்ற உணர்வாலோ தன்னை நிரூபிக்கவோ படிப்பது, சம்பளம்-அந்தஸ்துக்காகப் படிப்பது, ஏன் படிக்கிறோம் என்றே தெரியாமல் இருப்பது. கடைசிப் பிரிவில் மதிப்பெண் கூடினால் ஊக்கம் குறைவு என்று பொருள். அதையும் சேர்த்துக் கூட்டினால் தொகைக்கு அர்த்தமே இல்லை.

ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுங்கள். பிறகு உள்ளார்ந்த ஆர்வப் பிரிவுகள் மூன்றுக்கும் சேர்த்த சராசரியை இரண்டால் பெருக்கி, பயன் உணர்வைக் கூட்டி, குற்ற உணர்வைக் கழித்து, சம்பளப் பிரிவை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். இந்த வரிசையில் ஒருத்திக்கு 5, 6, 4, 6. இன்னொருத்திக்கு 6, 6, 4, 5 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கூட்டுத்தொகை 21தான். கணக்குப் போட்டால் முதலாமவளுக்கு 0, மற்றவளுக்கு 4. ஏன் படிக்கிறோம் என்று தெரியாத பிரிவை இதில் சேர்க்காமல் தனியே பாருங்கள். நீங்கள் பயப்படும் மாணவி பெரும்பாலும் அங்கேதான் தெரிவாள்.

உங்கள் பகுதிக்கு ஓர் எச்சரிக்கை. கல்விக் கடன் வாங்கி, கல்ஃப் வேலையை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் சம்பளக் காரணத்துக்கு 7 போடத்தான் செய்வார்கள். எல்லோரும் 7 போடும் வரி யாரையும் பிரித்துக் காட்டாது. குடும்பக் கடனை அடைக்க நினைப்பதை ஊக்கக் குறைவு என்று எழுதுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அந்தப் பிரிவின் நான்கு வரிகளையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அடுத்தது மொழி. வீட்டில் தமிழ் பேசி, மலையாள மீடியத்தில் படித்தவருக்குத் தமிழ்த் தாள் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "எந்த மொழியில் வேகமாகப் படிப்பீர்கள்?" என்று கேட்டுத் தாளைக் கொடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பிறகு ஏழெட்டு மாணவிகளை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் என்ன புரிந்தது என்று கேளுங்கள். "ஏன் வருகிறேன் என்று தெரியவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை" போன்ற வரிகளில்தான் தடுமாறுவார்கள், ஒரே வரியில் இரண்டு விஷயம் இருப்பதால். தமிழ்த் தாளின் சராசரியையும் மலையாளத் தாளின் சராசரியையும் ஒப்பிட வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி அளக்கின்றன என்று நிறுவ 60 பேர் போதாது.

கேள்வி: வருகைப்பதிவை ஊக்கத்தின் அளவாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. தேர்வு எழுதத் தியரிக்கு 80 சதவீத வருகை கட்டாயம். கட்டாயத்துக்கு வருபவரையும் விரும்பி வருபவரையும் பதிவேடு பிரித்துக் காட்டாது.

கேள்வி: தாளில் ரோல் நம்பர் வாங்கலாமா? எப்போது கொடுப்பது?

பதில்: ரோல் நம்பர் இருந்தால் "நேரத்தை வீணடிக்கிறேன்" என்ற வரிக்கு யார் 6 போடுவார்கள்? அம்மா பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, போன் எண்ணின் கடைசி இலக்கம் – இவற்றைச் சேர்த்து அவர்களே ஒரு குறியீடு எழுதட்டும். அடுத்த ஆண்டுத் தாளோடு பொருத்த அது போதும். இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியர் தாளைக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. தேர்வு வாரத்தையும் முதல் வார்டு போஸ்டிங்கின் தொடக்க நாட்களையும் தவிருங்கள், அப்போது பதற்றம்தான் பதிவாகும். "கற்க ஆசை" வரிக்கும் "நேர விரயம்" வரிக்கும் சேர்ந்தே 7 போட்ட தாள் பெரும்பாலும் படிக்காமல் நிரப்பியது. அதை ஒதுக்கிவிட்டு, எத்தனை தாள் ஒதுக்கினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.