கவுன்டர்ஸ்பெல், கான்சென்ட்ரேஷன், ஸ்னீக் அட்டாக்: கேள்வி பதில்

பதில்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014 விதிகளின்படி. 2024 புத்தகத்தில் முக்கியமாக மாறியதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிளெரிக் (பூசாரி வகைக் கதாபாத்திரம்) ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற மந்திரம் போட்டிருந்தபோது ஒரே ரவுண்டில் (எல்லோரும் ஒரு முறை ஆடும் சுற்று) மூன்று ஆர்க்குகள் (அரக்கர்கள்) 9, 8, 7 டேமேஜ் (சேதம்) என்று அடித்தன. மொத்தம் 24, டிசி (பகடை எட்ட வேண்டிய இலக்கு எண்) 12-க்கு ஒரே சேவ் (பாதிப்பைத் தாங்க உருட்டும் பகடை) போதும் என்றார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). சரிதானா?

பதில்: கூட்டக்கூடாது. இது கான்சென்ட்ரேஷன் மந்திரம், அதாவது கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டியது; அடி பட்டால் சேவில் வென்றால்தான் நீடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ். டிசி 10, அல்லது அந்த ஓர் அடியின் டேமேஜில் பாதி. எது அதிகமோ அது. பாதியில் பின்னம் வந்தால் விட்டுவிட வேண்டும், ஆகவே ஒரே அடியில் 22 விழுந்தால்தான் டிசி 10-ஐத் தாண்டும். இங்கே டிசி 10-க்கு மூன்று சேவ். 20 முகப் பகடையில் கிளெரிக்கின் சேவுக்கு +2 சேரும் என்றால், டிஎம் சொன்ன கணக்கில் ஸ்பெல் (மந்திரம்) பிழைக்க 55 சதவீத வாய்ப்பு. விதிப்படி சுமார் 27 சதவீதம்தான். டிஎம் இரக்கப்பட்டிருக்கிறார்! டெம்பரரி ஹிட் பாயின்ட் (தற்காலிகக் கூடுதல் உயிர்ப் புள்ளி) அடி முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் சேவ் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: எதிரி விசார்ட் (மந்திரவாதி) “ஃபயர்பால்” போடுகிறான் என்று டிஎம் சொன்ன பிறகு கவுன்டர்ஸ்பெல் (அடுத்தவர் மந்திரத்தை முறிக்கும் மந்திரம்) போடலாமா? அதை அவன் திருப்பி கவுன்டர் செய்ய முடியுமா?

பதில்: 60 அடிக்குள் ஒருவன் மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்ப்பதுதான் தூண்டுதல். எந்த மந்திரம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, சொல்லும் கடமை டிஎம்முக்கும் இல்லை. “ஏதோ மந்திரம் போடுகிறான்” என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துவதே நல்ல வழக்கம். பகடை உருட்டி டேமேஜ் அறிவித்த பிறகு கை தூக்கினால் காலம் கடந்துவிட்டது.

கவுன்டர்ஸ்பெல்லை மூன்றாம் நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) போட்டால், மூன்றாம் நிலையும் அதற்குக் கீழும் உள்ள மந்திரங்கள் தானாக முறியும். மேலே போனால் உங்கள் மந்திரத் திறனில் செக் (பகடைச் சோதனை), டிசி 10 கூட்டல் எதிரி மந்திரத்தின் நிலை. கோன் ஆஃப் கோல்டு ஐந்தாம் நிலை, எனவே டிசி 15. விசார்டின் மந்திரத் திறனான இன்டெலிஜென்ஸ் 18 என்றால் +4, பகடையில் 11 வேண்டும். பலரும் இங்கே புரொஃபிஷியன்சி போனஸை (லெவலோடு வளரும் பயிற்சிக் கூட்டல்) சேர்த்துவிடுகிறார்கள். சேராது, பத்தாம் லெவல் அப்ஜுரேஷன் விசார்ட் (காப்பு மந்திரங்களில் தேர்ந்தவர்) மாதிரி தனிச்சலுகை உள்ளவர்களுக்கு மட்டும் சேரும்.

திருப்பி கவுன்டர் செய்யலாம். கவுன்டர்ஸ்பெல் போடுவது ரியாக்‌ஷன், அதாவது பிறர் செயலுக்கு உடனடி எதிர்வினை. தன் டர்னிலும் (தன் முறையிலும்) ரியாக்‌ஷன் உண்டு. ஆனால் அந்த டர்னில் அவன் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரு ஸ்பெல் போட்டிருந்தால் முடியாது. 2024-இல் ஒரு டர்னுக்கு ஒரு ஸ்லாட்தான் ஸ்பெல்லுக்குச் செலவிடலாம், எனவே ஸ்லாட் கொடுத்து ஃபயர்பால் போட்டவன் இன்னொரு ஸ்லாட்டால் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அதோடு, அந்தப் பதிப்பில் செக்கே கிடையாது: எதிரி கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடுகிறான், தோற்றால் ஸ்பெல் போகும், ஸ்லாட் கையிலேயே இருக்கும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

கேள்வி: ஸ்னீக் அட்டாக் (ரோக் வகைக் கதாபாத்திரத்தின் அடியில் சேரும் கூடுதல் டேமேஜ்) ரவுண்டுக்கு ஒரு தடவைதானே?

பதில்: டர்னுக்கு ஒரு தடவை. உங்கள் டர்னில் ஒன்று. ஓடும் எதிரியை ஆப்பர்சூனிட்டி அட்டாக்கில் குத்தினால் அது அவன் டர்ன், இன்னொன்று. அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி அதிகமானதை எடுப்பது) அல்லது எதிரியை ஒட்டி நிற்கும் தோழர் என்ற நிபந்தனை இரண்டாவதற்கும் பொருந்தும்.

கேள்வி: கும்மிருட்டில் இரண்டு பேருக்கும் கண் தெரியவில்லை. டிஸ்அட்வான்டேஜா (இரண்டு பகடையில் குறைந்ததை எடுப்பதா)?

பதில்: சாதாரண ஒற்றைப் பகடை. பார்க்காமல் அடிப்பதால் டிஸ்அட்வான்டேஜ், அவன் உங்களைப் பார்க்காததால் அட்வான்டேஜ், ரத்து. நீண்ட தூர வில், படுத்திருக்கும் எதிரி என்று இன்னும் நான்கு டிஸ்அட்வான்டேஜ் சேர்ந்தாலும் எண்ணிக்கை பார்ப்பதில்லை. கேலிக்கூத்தாக இருந்தாலும் விதி அதுதான்.

கேள்வி: 0 ஹிட் பாயின்ட்டில் (உயிர்ப் புள்ளி தீர்ந்து) மயங்கிக் கிடக்கும் ஃபைட்டரை (போர்வீரனை) ஓநாய் கடித்தால்?

பதில்: 5 அடிக்குள் இருந்து அடித்துப் பட்டால் கிரிட்டிக்கல் (பலத்த அடி), ஆகவே ஒன்றல்ல, இரண்டு டெத் சேவ் (உயிர் தப்ப உருட்டும் பகடை) தோல்வி. ஏற்கெனவே ஒன்று இருந்தால் மூன்றாகிவிடும், ஆள் அவுட்.